வைன் போத்தலில் மிளகாய்த்தூள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். மேல் வீட்டுக்கு லண்டன், பக்கத்து வீட்டுக்கு ரொறன்ரோ. எங்களுக்கு மட்டும் போர்தோ. மாமா பிரான்சில் என்றால் பரிஸோ என்று ஆவலாகக் கேட்பார்கள். இல்லை, போர்தோ என்றதும் பேச்சை மாற்றிவிடுவார்கள். பெரிதுமில்லாத சிறிதுமில்லாத ஓர் ஆற்றங்கரைப் பட்டணத்தில் மாமா போய்க் குடியேறியதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம் இருந்தது.

எனக்குப் பத்து வயதானபோது அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஓர் உணவகத்தில் சமையல் வேலை. ஆற்றைக் கண்டதும் அம்மா, இது எங்கட களனி கங்கையெல்லோ என்றார். அப்படி ஒரு மண் நிறம். ஆனால் கடல் ஏறும் நேரத்தில் அந்த ஆறு பின்னோக்கி ஓடியது. ஊருக்குப் போனதும் இதைச் சொல்லி யார் யாரை வாய்பிளக்க வைக்கலாம் என்று நான் பாலத்தில் நின்றே யோசித்துவைத்தேன். பட்டணத்தைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டம். அங்கே வைன் இல்லாமல் ஒருவரும் சாப்பிட உட்காருவதில்லை.

மாமா இருந்த கட்டடத்தின் கீழே ஒரு கடை பூட்டிக் கிடந்தது. அதை எடுத்து இடியப்பமும் கொத்துரொட்டியும் போடவேண்டும் என்பதுதான் மாமாவின் ஒரே ஆசை. கட்டடத்துக்குச் சொந்தக்காரி மேல்மாடியில் தனியாக இருந்த ஒரு வயதான பிரெஞ்சுக்கார மதாம். கறி மணம் சுவரில் பிடித்துவிடும் என்று அவர் பிடிகொடுக்காமல் இருந்தார். கடையை வேறொருவரும் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாகப் பேச்சு.

சனிக்கிழமை, மாமா வேலைக்குப் போன பிறகு, மதாம் எங்கள் கதவைத் தட்டினார். தம்பியைப் பார்க்க அக்கா வந்திருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. லேபல் இல்லாத ஒரு தடித்த பச்சைப் போத்தலை இரண்டு கையாலும் நீட்டினார். அம்மா கும்பிட்டு வாங்கிக் கதவைச் சாத்தினார். மாமாவின் குசினியில் இருந்த திருகியால் தக்கையை எடுத்து மணந்து பார்த்தார். அடுத்த நிமிடம் போத்தல் தொட்டிக்குள் தலைகீழாக நின்றது. கருஞ்சிவப்பாக எல்லாம் ஓடி முடியும்வரை அம்மாவின் முகம் மாறவில்லை, கையும் நடுங்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டில் பெருங்குற்றம். கீழ் வீட்டு முஸ்லிம் குடும்பம் நோன்புக் கஞ்சி அனுப்பும் சட்டி பயற்றம் பணியாரத்தோடுதான் திரும்பிப் போகும். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போகும். அம்மா போத்தலைக் கழுவி, நன்றாகக் காயவைத்தார். கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி, சூட்கேசில் கொண்டுவந்த மிளகாய்த்தூளைக் கழுத்துவரை நிரப்பினார். யாழ்ப்பாணத்து முறையில் வறுத்து, வெள்ளவத்தை மில்லில் கூடவே நின்று திரித்த தூள்.

மாமா வந்து மேசையைப் பார்த்தார். அந்தப் போத்தலை அவருக்குத் தெரியும். மதாமின் இறந்துபோன கணவர் தன் கையால் செய்த கடைசி வைன் அது. மதாம் அதை லேசில் எவருக்கும் கொடுக்கமாட்டாராம். கடை போச்சு அக்கா என்று கதிரையில் இருந்துவிட்டார். அம்மாவுக்கு இப்போது நல்ல ஏச்சு விழும் என்று நான் காத்திருந்தேன். மாமா ஏசவில்லை. குடித்தோம், நன்றாக இருந்தது என்று சொல்லிவிடுவோம் என்றார், அவ்வளவுதான்.

"பொய் சொல்லியோ கடை எடுக்கப்போறாய்?" என்றார் அம்மா.

மறுநாள் மூவரும் மேலே போனோம். அம்மா நல்ல சேலை உடுத்திருந்தார். போத்தலை மதாமிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். மதாம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். வைன் எப்படி இருந்தது என்று கேட்கிறார் என்றார் மாமா.

"நான் அதை ஊத்திப்போட்டன், மன்னிக்கச் சொல்லு. எங்கட வீட்டுக்குள்ள குடிவகை வைக்கிறேல்லை எண்டு சொல்லு."

அம்மா சொன்னது அவ்வளவுதான். மாமா அதைப் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினார். சொன்னார், சொல்லிக்கொண்டே போனார். நடுவில் அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் சொன்னார். அம்மா சேலைத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நீளமான ஒரு மொழியை இந்த ஊர்ப் பிள்ளைகள் எப்படித்தான் படிக்கிறார்களோ என்று நான் இரக்கப்பட்டேன். மதாம் அம்மாவின் கையைப் பிடித்தார். பிறகு தக்கையை எடுத்து மணந்தார், தும்மினார், மறுபடியும் தும்மினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். உள்ளே போய், பூட்டிக் கிடந்த கடையின் திறப்பை எடுத்துவந்து மாமாவின் கையில் வைத்தார்.

ஒரு போத்தல் தூளுக்கு ஒரு கடையையே வாங்கியவர் என் அம்மா என்று வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஆறு பின்னோக்கி ஓடியதை ஒருவரும் நம்பவில்லை. இதை எல்லோரும் நம்பினார்கள். அம்மாவின் தூளில் வைத்த கறியை எல்லோரும் சாப்பிட்டிருந்தார்கள்.

இப்போது நானும் போர்தோவில்தான் இருக்கிறேன். படிக்க வந்தேன், நின்றுவிட்டேன். மாலையில் மாமாவின் கடை வாசலில் பிரெஞ்சுக்காரர்கள் கொத்துரொட்டிக்கு வரிசையில் நிற்பார்கள். வைன் கேட்பவர்களுக்குத் தேசிக்காய்த் தண்ணீர்தான். வைன் ஊரில் வைன் விற்காமல் பிழைக்கும் கடை எங்களுடையது என்று யாரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

பிரெஞ்சு ஓரளவு வசப்பட்ட பிறகு, அம்மா அன்று சொன்னதை ஒருநாள் பிரெஞ்சில் சொல்லிப்பார்த்தேன். அதுவும் இரண்டே வசனம்தான். மிச்சம் என்ன சொன்னீர்கள் என்று மாமாவிடம் கேட்டேன். அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"எங்கட ஐயா பொல்லாத குடி. சின்னனில இருந்து அவற்ற போத்தலை எடுத்து ஊத்துறது அக்கா, வாசலில காவல் நிக்கிறது நான். பிடிபட்டா அடி முழுக்க அக்காவுக்குத்தான். அதைத்தான் சொன்னனான்."

வெள்ளவத்தை வீட்டில் மாட்டியிருக்கும் அந்த ஐயாவின், என் தாத்தாவின், படத்துக்கு அம்மா பூ வைக்கத் தவறியதே இல்லை. தொட்டியடியில் நின்று பெருமைப்பட்ட எனக்கு, அம்மாவின் அந்தக் கை எத்தனை அடி வாங்கி நடுங்காமல் போனது என்று அன்று தெரியாது.