பேனரில் நான்கு விரல்கள்

தெருவில் எல்லாரும் அவளைக் கேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பேரைச் சொன்னால் அவளே யாரையோ தேடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பாள். கடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. வீட்டு அடுப்படிதான் கடை. அங்கே ஓவனைத் திறந்தால் ஃபிரிட்ஜைத் திறக்க முடியாது. இரண்டையும் திறந்தால் அக்கா வாசலில் நின்றுதான் கேக் சுட வேண்டும்.

கேக் தயாரானதும் போனில் போட்டோ எடுத்து நெட்டில் போடுவாள். அதைப் பார்த்துத்தான் ஆர்டர் வரும். பின்னால் கருகின பாத்திரமெல்லாம் தெரியாமல் இருக்க, வேன் ஓட்டுகிற புருஷன் பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு திரைபோல நிற்பார். ஒவ்வொரு போட்டோவிலும் மேல் விளிம்பில் அவருடைய நாலு விரல் எட்டிப் பார்க்கும். அதில் சுண்டுவிரல் வேன் கதவில் மாட்டிக் கோணிப்போனது.

"என்னங்க, விரல மடக்குங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"மடக்குனா பெட்ஷீட் விழுந்துரும். அப்புறம் விரலுக்குப் பதிலா முழு ஆளும் தெரிவேன். உன் யாவாரம் அன்னைக்கோட காலி."

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் ஒருநாள் டீச்சரம்மா போன் செய்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு மூணு அடுக்கு ரோஜாப்பூ கேக் செய்து கொடுத்ததே அக்காதான்.

"ஏம்மா, முக்குல புதுசா கடை போட்டிருக்க, ஒரு வார்த்த சொல்லல பாத்தியா? ஆனா அங்க வாங்குன கேக்க வெட்டப் போயி கத்தி வளஞ்சிருச்சு. கடை வந்ததும் கைப்பக்குவம் போயிருச்சா?"

"நான் எங்க டீச்சர் கடை போட்டேன்?"

"வாசல் பேனர்ல எங்க வீட்டுக் கல்யாண கேக்குதானம்மா தொங்குது!"

அக்காவுக்கு விளம்பரமே வாங்கித் தின்றவர்களின் வாய்தான். அந்த வாய் திரும்பிவிட்டால்? டீச்சரிடம் விவரம் சொல்லி, அவர் சொன்ன ரெண்டு வார்த்தையைக் கேட்டுக்கொண்டு, புருஷனை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பேனர் ரெண்டு மாடி உயரம். நடுவில் அவளுடைய ரோஜாப்பூ கேக். மேலே நாலு விரல், ஒவ்வொன்றும் தென்னைமரத் தண்டி.

புருஷனுக்கு வாயெல்லாம் பல். "அடியே, என் விரலப் பாரேன்! மேல ஒரு குடும்பமே குடியிருக்கலாம்!"

"சும்மா வாங்க. என் பேரே போகுது, இவருக்கு விரல் பெருமை."

கடைக்காரன் தலையெல்லாம் மாவோடு வந்த சின்னப் பையன். விஷயத்தைக் கேட்டதும் முழித்தான்.

"நெட்ல கெடந்துச்சுக்கா. பேனர் அடிக்கிறவங்க ஒரு படம் வேணும்னாங்க, எடுத்துக் குடுத்தேன். நெட்ல இருந்தா எல்லாருக்கும் பொதுதானே?"

"கொடியில காயிற சட்டையும்தான் ஊருக்கே தெரியுது. எடுத்து மாட்டிக்குவியா?"

"இது உங்க கேக்குதான்னு எப்படிக்கா..."

அக்கா புருஷனுடைய கையைப் பிடித்துப் பேனருக்கு நேராகத் தூக்கினாள். மேலே கோணல் சுண்டுவிரல், கீழேயும் அதே கோணல். பன் தின்றுகொண்டிருந்த ஒருவருக்குச் சிரிப்பில் புரையேறியது.

"போட்டோ யாரு எடுத்தாங்களோ அவங்களுக்குத்தாம்பா அது சொந்தம். காப்பிரைட்டுன்னு சட்டமே இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க. பெரிய கம்பெனிக்கு மட்டுமில்ல, என் அடுப்படிக்கும் சேத்துத்தான். நீ சுட்ட கேக்குக்குத் திட்டு நான் வாங்குறேன், தெரியுமா?"

பையன் முகம் தொங்கிப்போனது. "தெரியாமப் பண்ணிட்டேன்க்கா. என் கேக்க போட்டோ புடிச்சா செங்கல் மாதிரி வருது. யாரு வாங்குவாங்க?"

ஏணி போட்டு அவனே பேனரை இறக்கினான். அக்காவுக்குக் கோபம் பாதி வடிந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். வாயில் வைத்ததும் கரைந்தது.

"இத இவ்வளவு நல்லா செஞ்சுட்டு எதுக்குடா என் ரோஜாப்பூவ மாட்டுன? தட்டுல அடுக்கு. போன எடு."

"நீங்களே எடுங்கக்கா, நல்லா வரும்."

"நான் எடுத்தா அது என்னோடது ஆயிரும். நீயே எடு."

புருஷன் ஆளுக்கு முந்தி ஒரு மேசைத்துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். நாலு விரலும் மேலே ஜம்மென்று எட்டிப் பார்த்தன.

"என்னங்க, விரல மடக்குங்க!" என்று அக்கா அதட்டினாள். "அது நம்ம கடைக்கு மட்டும்தான்."