செருப்புக் கடைக் காகிதம்

மற்றவர்கள் முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவார்கள். என் மனைவி காலைப் பார்த்து எடைபோடுவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்குச் செருப்புக் கடையில் வேலை. ஆள் வாசலில் நுழையும்போதே எந்தக் குதிகால் தேய்ந்திருக்கிறது, யார் ஒரு சைஸ் சின்னதாகக் கேட்டு வம்பு பண்ணப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். நாளெல்லாம் மண்டியிட்டு ஊரார் காலைப் பிடித்துச் செருப்பு மாட்டிவிடுகிற வேலை. அதில் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் என் தங்கைக்குத்தான்.

தங்கை இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கிறாள். அண்ணி என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "ஷோரூம்ல இருக்காங்க" என்பாள். என்ன ஷோரூம் என்று அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை மாற்றிவிடுவாள். என் மனைவிக்கு இது தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, எங்கள் வீட்டில் அந்த மத்தளம் நான்தான்.

இந்த லட்சணத்தில் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. பிரைடல் ஷவர் வைக்கப்போவதாக அவளுடைய ஆபீஸ் தோழிகள் கிளம்பினார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் எல்லாம் கூடி, மணப்பெண்ணுக்குப் பரிசு கொடுத்து, சிரித்துப் பேசிச் சாப்பிட்டுக் கலைவார்களாம். மாப்பிள்ளையின் அம்மாவும் வருவதாகச் சொல்லிவிட்டார்.

"வர்றவங்களுக்குக் குடுக்கற பரிசுப் பெட்டியும், உன் தலைக்குப் பூ மகுடமும் என் பொறுப்பு," என்று என் மனைவி முந்திக்கொண்டாள். "எல்லாம் பேப்பர்ல கையாலதான் செய்வேன். கடைல எதையும் வாங்கக் கூடாது, சொல்லிட்டேன்."

புது ஷூவின் மூக்கு அமுங்காமலிருக்க உள்ளே மெல்லிய வெள்ளைக் காகிதம் திணித்திருப்பார்கள். ஷூ விற்றதும் அது குப்பைக்குப் போகும். இவள் அதைப் பை பையாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சூடு குறைத்த இஸ்திரிப் பெட்டியால் சுருக்கம் எடுத்து, ஓரத்தை மட்டும் டீத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, இதழ் இதழாக வெட்டிப் பென்சிலில் சுருட்டிக் கம்பியில் ஒட்டினால் ரோஜா. ஷூப் பெட்டியின் அட்டையை வெட்டி மடித்தால் சின்னப் பெட்டி. மூடிமேல் ஒரு ரோஜா. சாப்பாட்டு மேசை முழுக்கப் பூ. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். உதவி செய்கிறேன் பேர்வழி என்று நானும் ஒரு ரோஜா செய்து காட்டினேன். "முட்டைக்கோஸ் நல்லா வந்திருக்கு," என்றாள்.

விருந்துக்கு முந்தின நாள் தங்கை வந்தாள். மகுடத்தைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணி! நிஜப் பூ மாதிரியே இருக்கு. இந்தப் பேப்பர் எங்க கிடைச்சுது?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான். "உங்கண்ணி கடைலதான். ஷூக்குள்ள வச்சிருப்பாங்கல்ல, அது," என்றேன்.

மகுடம் கீழே இறங்கியது. "செருப்புக்குள்ள இருந்ததையா என் தலையில வச்சீங்க?"

"புது ஷூதாம்மா. யார் காலும் பட்டதில்ல," என்றாள் என் மனைவி.

தங்கை மகுடத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். "சரி, வச்சுக்கறேன். ஆனா யாராவது கேட்டா கடைல வாங்குன பேப்பர்னு சொல்லுங்க அண்ணி. செருப்புக் கடைன்னு மட்டும் அத்தை முன்னாடி வாயைத் திறந்துடாதீங்க. ப்ளீஸ்."

"சரிம்மா."

அவள் போனதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நீ நாளைக்குப் போகவே வேணாம்," என்று கத்தினேன்.

"போகாம? புது மனுஷங்க, அவளுக்குப் பயமா இருக்காதா?" என்று சொல்லிவிட்டு என் மனைவி மிச்சப் பூக்களை ஒட்ட உட்கார்ந்தாள். இரண்டு ரோஜா கோணலாக வந்தது; பிரித்து மறுபடி ஒட்டினாள். ரொம்ப வலித்திருக்கிறது.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் விருந்து. நாற்காலி தூக்கவும் டீ கொடுக்கவும் என்னை அனுமதித்திருந்தார்கள். தங்கை தலையில் மகுடம், ஆளாளுக்குக் கையில் ஒரு பெட்டி. எல்லாரும் ரோஜாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வந்தார். வார் வைத்த புது ஷூ போட்டு நொண்டி நொண்டி வந்தார்.

என் மனைவியின் கண் நேராக அந்தக் காலுக்குத்தான் போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றாள். அந்த அம்மா ஒவ்வொரு தடவை முகம் சுளிக்கும்போதும் இவளுக்கும் சுளித்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், கடைசியில் போய் மண்டியிட்டுவிட்டாள்.

"காலைக் கொஞ்சம் குடுங்கம்மா."

வாரை ஒரு துளை தளர்த்தினாள். மீந்த பெட்டி ஒன்றிலிருந்து ரோஜாவைப் பிய்த்து, இதழ்களை அடுக்கி மடித்து, குதிகாலுக்குப் பின்னால் செருகினாள்.

"அப்பாடா! இப்பதான் உயிர் வந்துச்சு. நீ என்ன, நர்ஸாம்மா?"

கூடமே சிரித்தது. பதிலுக்குக் காத்திருந்தது. என் மனைவி நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள்.

"இல்லம்மா. நான்... ஷோரூம்ல இருக்கேன்."

தங்கை சொல்கிற அதே வார்த்தை. தங்கையின் முகம் சிவந்துபோனது.

"செருப்புக் கடை, அத்தை," என்றாள் அவள். "எங்க அண்ணி செருப்புக் கடைல வேலை பாக்கறாங்க. இந்தப் பூவெல்லாம் ஷூக்குள்ள வைக்கற பேப்பர்ல அவங்க கையால செஞ்சது. சொல்லாதீங்கன்னு நான்தான் வாயை அடைச்சு வச்சேன்."

அந்த அம்மா மகுடத்தைப் பார்த்தார். "அதுவுமா?"

"இதுவும்தான்."

கழற்றிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சரிந்திருந்த மகுடத்தை அவள் இரண்டு கையாலும் தலையில் அழுத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா தன் காலைப் பார்த்தார். மருமகளின் தலையைப் பார்த்தார். "மாமியாருக்குன்னா கால்ல, மருமகளுக்குன்னா தலையிலயா? நல்லா இருக்கே உங்க நியாயம்!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சரி சரி, அந்தக் காலையும் பாரும்மா, அதுவும் கடிக்குது."

என் மனைவி குனிந்து அடுத்த வாரைத் தேடினாள். கண்ணீர் மறைத்ததில் கொக்கி கையில் அகப்படவில்லை. தங்கை இன்னொரு பெட்டியிலிருந்து ரோஜாவைப் பிய்த்துக்கொண்டு வந்து, புதுத் துணி கசங்குவதைப் பார்க்காமல், பக்கத்தில் மண்டியிட்டாள்.

"நகருங்க அண்ணி, நான் வைக்கறேன். இதை எப்படி மடிக்கணும்?"