மகள் தலையில் வாங்கிய சத்தியம்

கீரனூரில் என்னுடன் இருக்கும் தங்கை, சென்ற ஆண்டு தற்கொலைக்கு முயன்று பிழைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, இனி அப்படி நினைக்கவே மாட்டேன் என்று அவள் மகள் தலையில் கைவைக்கச் சொல்லி சத்தியம் வாங்கினேன். பிறகு வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. சரியாகிவிட்டாள் என்று நம்பினேன்.

மூன்று மாதம் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்: "அந்த நெனப்பு தெனமும் வருதுக்கா. புள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டு, ஒங்கிட்ட எப்படிச் சொல்றது?"

அவள் வாயை நான்தான் அடைத்திருக்கிறேன். அன்றே டாக்டரிடம் அழைத்துப்போனேன்.

இப்போது சத்தியம் கேட்பதில்லை. வேலைக்குத் திருச்சி பஸ் ஏறுவதற்கு முன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு அந்த நெனப்பு இருக்கா?" என்று கேட்கிறேன். "இருக்கு" என்றால் போவதில்லை.

இந்த மாதம் நான்கு நாள்தான் வேலைக்குப் போயிருக்கிறேன்.