இரண்டு கைகள் தைத்த துணி

பிராங்பேர்ட்டில் நான் துப்புரவு வேலை செய்த அருங்காட்சியகத்தில், ஒரு மண்டபத்தின் நடுச்சுவரில் இரண்டு சட்டங்கள் அருகருகே தொங்கின. ஒன்று ஜெர்மன் ஓவியர் ஒருவருடையது. கறுப்புக் கோடுகள் மடிந்து மடிந்து போய்ப் பாதியில் வேறு கோலமாகிவிடும். மற்றது, அவர் பார்த்து வியந்து அந்தக் கோடுகளைக் கற்றுக்கொண்ட கொங்கோ நாட்டு நார்த்துணி. ஓவியத்தின் கீழே பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு எல்லாம் இருந்தன. துணியின் கீழே ‘செய்தவர் தெரியாது’ என்று மட்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என்னோடு வேலை செய்தவர் கொங்கோவிலிருந்து வந்த ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்குள் உடைந்த ஜெர்மன்தான். நினைவில் அவர் பேச்சு என் மன்னார்த் தமிழாகவே கேட்கிறது. எங்கள் ஊரைப் போலவே கொங்கோவிலும் சண்டை. அவருடைய தாயிடமிருந்து ஒன்றரை வருடமாகக் கடிதம் இல்லை. என் அம்மாவிடமிருந்தும் இல்லை. அதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

பார்வையாளர் வராத ஒரு திங்கட்கிழமை, அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுத் துணியின் முன்னால் நின்றார். “இஞ்ச பார். இதுவரைக்கும் ஒரு கை, நூல் நெருக்கம். இதுக்குப் பிறகு வேற கை. இளம் கை, அவசரப்படுது. தாயும் மகளுமாத்தான் இருக்கும். நானும் அம்மாவும் இப்பிடித்தான் தைச்சனாங்கள்.” கண்ணாடியைத் தொடாமல், அந்தக் கோட்டின் வழியே விரலைக் கொண்டுபோனார்.

அந்நேரம் மண்டபப் பொறுப்பாளரான ஜெர்மன் பெண்மணி வந்தார். எங்களைப் போன்றவர்கள் அவரோடு பேசுவதில்லை. அக்கா பேசினார். “தெரியாது எண்டு எழுதாதேங்கோ. இது ரெண்டு பொம்பிளையள் தைச்சது.” துணியில் இடத்தையும் காட்டினார். பொறுப்பாளர் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

“வேலை போகப்போகுது அக்கா.”

“போகட்டும். சொல்லிப்போட்டன்.”

வேலை போகவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனவர், திங்கள் வரவில்லை. பெல்ஜியத்தில் தங்கை இருப்பதாக ஒருமுறை சொல்லியிருந்தார். முகவரி நான் கேட்டு வைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து துணியின் கீழே புதிய அட்டை இருந்தது: ‘இரு பெண்கள் தைத்தது. பெயர்கள் தெரியவில்லை.’ அன்று அந்த மண்டபத்தை மூன்று தரம் துடைத்தேன். என்னால் வெளியே வர முடியவில்லை.

இன்றும் ரயிலில் கொங்கோ நாட்டுப் பேச்சு காதில் விழுந்தால், இறங்கவேண்டிய இடம் தாண்டினாலும் பரவாயில்லை என்று பேசுகிறவரின் முகத்தைப் பார்க்கப் போய்விடுகிறேன். அட்டையை மாற்றிவிட்டார்கள் அக்கா என்று சொல்லவேண்டும்.