ஃபேன் நின்ற வராண்டா

ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து, மருந்து அரைக்கிற பீங்கான் கல்வத்தை இறக்கினேன். மூக்கருகே கொண்டுபோனதும் பழைய மருந்து வாடை அடித்தது போலிருந்தது. நடுவில் சில வருஷம் அதில் ஏலக்காய் பொடித்தவள் நான். எந்த வாடை என்று அடித்துச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வெந்நீரில் கழுவித் துடைத்தேன்.

என் மகளுக்கு வலிப்புக்கு மாத்திரை ஓடுகிறது. ஒரு வேளைக்குக் கால் மாத்திரை. "நாலா ஒடச்சுக் குடுங்கக்கா, எல்லாரும் அப்டித்தான் குடுக்கறாங்க" என்றார் வடலூர் மருந்துக்கடைக்காரர். உடைத்தால் நான்கு துண்டும் நான்கு அளவு. போன வாரம் ஒரு பெரிய துண்டு போய்விட்டது. காலையில் தூங்கியவள் எழுப்ப எழுப்ப எழவில்லை. அளவு கூடியதுதான், பயமில்லை என்றார் டாக்டர். சாயங்காலம் அவள் எழுந்து தோசை கேட்டாள். நான்தான் இன்னும் அதிலிருந்து எழவில்லை.

"பொடி பண்ணிப் பிரிச்சுக் குடுங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார் டாக்டர்.

தெரியும். கல்யாணத்துக்கு முன் நெய்வேலியில் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் கான்ட்ராக்டில் இருந்தேன். சிரப்பாக வராத மருந்தைக் குழந்தைகளுக்குப் பொடியாக்கித் தருவோம். சமமாகப் பிரிக்க வசதியாக மாத்திரைப் பொடியில் பால் சர்க்கரை சேர்ப்போம். அதை ஒரேயடியாகக் கொட்டிக் கிளறினால் மருந்து ஒரு மூலையிலேயே தங்கிவிடும். மருந்து எவ்வளவோ அவ்வளவே சர்க்கரை போட்டு அரைக்க வேண்டும். அது ஒன்றானதும், கல்வத்தில் இருப்பது எவ்வளவோ அவ்வளவு. மறுபடியும் அப்படியே. கடைசியில் தராசில் நிறுத்துக் காகிதங்களில் மடிக்க வேண்டும்.

காற்று மட்டும் கூடாது, பொடி பறந்துவிடும். எங்கள் அறை ஃபேனுக்கும் வெளி வராண்டா ஃபேனுக்கும் ஒரே சுவிட்ச். நெய்வேலி வெயிலில் ஃபேனை நிறுத்தினால் வரிசையில் நிற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"என்னங்க, ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கற ஊர்ல நமக்கே கட்டா?" என்று ஒருநாள் சத்தம் போட்டார், ஷிஃப்ட் முடிந்து வந்த மைன்ஸ்காரர் ஒருவர். வரிசை முழுக்கச் சிரிப்பு.

தோளில் குழந்தையோடு நின்ற, பக்கத்து வடக்குத்து கிராமத்துப் பெண் சொன்னாள்: "கரண்டுலாம் இருக்குதுங்க. எம் புள்ளைக்குத்தான் மருந்து கலந்துகினு இருக்காங்க."

"அத முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? நான் பாட்டுக்குக் கத்திட்டிருக்கேன்." தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் குழந்தைக்கு விசிற ஆரம்பித்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அதன்பிறகு ஃபேன் நின்றாலே, "ஏதோ புள்ளைக்குக் கலக்கறாங்க" என்று யாராவது சொல்வார்கள், வராண்டா அடங்கிவிடும். என் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அறையில் இப்போது சிரப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. வராண்டாவை அடைத்து ஏசி போட்டுவிட்டார்கள்.

ஞாயிறன்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுக் கல்வத்தோடும் ஒரு சின்னத் தராசோடும் உட்கார்ந்தேன்.

"கரண்ட் போயிடுச்சாம்மா?" என்றாள் மகள் கட்டிலிலிருந்து.

"இல்லடி. உனக்குத்தான் மருந்து கலக்கறேன்."

"சீக்கிரம்மா, வேர்க்குது."

கை நடுங்கியது. யார் பிள்ளை என்று தெரியாமலேயே எனக்காக வேர்த்துக்கொண்டு நின்ற அத்தனை பேரும் எங்கே போனார்கள்? தராசைக் கீழே வைத்து, நடுக்கம் அடங்கக் காத்திருந்தேன். ஃபேனைப் போடவில்லை.