நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு கப்பல் பார்க்கப் போன கதை

கடலுக்கடியில் கிடக்கும் கப்பலைப் பார்த்து வருகிறேன் என்று மாமியாரிடம் நான் வீராப்பு பேசியபோது, எனக்கு நீச்சலே அரைகுறை. கப்பற்படைத் தளத்தில் வெள்ளைக்காரர்கள் முதுகில் மாட்டிக்கொண்டு முங்கும் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புவது என் வேலை. நிரப்புகிறவனுக்கு முங்கத் தெரியாதா என்ற திமிர்தான்.

அந்தச் சரக்குக் கப்பலில் என் மாமனார் சமையல்காரர். ஜப்பான்காரன் சண்டையில் குண்டு விழுந்து, தெற்குத் தீவுகளுக்கு அப்பால் மூழ்கிப்போனது. உடல் கிடைக்கவில்லை. செத்ததைக் கண்ணால் கண்டது யார் என்று கேட்டு, இருபது வருஷமாக மாமியார் தாலியையும் குங்குமத்தையும் விடவில்லை. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அம்மாவுக்கு ஒரு முடிவு தெரிந்தால் தேவலை என்றாள் என் மனைவி. முடிவு கொண்டுவர இந்தச் சூரன் கிளம்பினேன்.

என் நச்சரிப்பு தாங்காமல் ஓர் அதிகாரி நீச்சல் குளத்தில் கொஞ்சம் பழக்கிவிட்டு, ஒரு சனிக்கிழமை படகில் ஏற்றிக்கொண்டார். சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல். எமனே வந்தாலும் தேய்த்துக்கொண்டுதான் போக வேண்டும். கடல் தண்ணீர் பட்டால் சளி பிடிக்கும் என்று மாமியார் மிளகு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி வைத்திருந்தார். தலை, முகம், மீசை எல்லாம் தேய்த்தேன். சீயக்காய்க்கும் பிசுக்கு போகவில்லை.

அந்த முகத்தில் ரப்பர் முகமூடி எப்படி உட்காரும்? தண்ணீருக்குள் போனதுமே வழுக்கிக்கொண்டு மூக்குக்கு இறங்கியது. கண்ணை இறுக மூடினேன். கையில் ஏதோ இரும்பு தட்டுப்பட, அதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு அப்பனே முருகா என்று கிடந்தேன். அதிகாரி பிய்த்தெடுத்து மேலே கொண்டுவந்தார். வயிறு முட்டக் கடல் தண்ணீர்.

பஸ்ஸில் வரும்போதே பாய்மரம், பீரங்கி, சுறா என்று அளப்பதற்குத் தயார் செய்துவிட்டேன். சிராங்கூன் ரோட்டில் இறங்கி வீட்டுப் படியேறினால், மாமியார் தாலியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். அளக்க வாய் வரவில்லை.

"மாப்ள, அவர் அங்க இருக்காரா?"

"தெரியல அத்தை. முகமூடி நழுவிடுச்சு. நான் எதையுமே பாக்கல."

"அப்ப நீங்களும் பாக்கல."

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. உள்ளே போய்ப் புதிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்து எனக்குச் சோறு போட்டார், தானும் சாப்பிட்டார். அடுத்த சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டியபோது, மீசைக்கும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டேன்.