பழக்கம் ஏதும் இல்லாதவர்கள்

புகையிலை போடுகிறவர்களின் ரத்த அணுக்களில் குரோமோசோம்கள் எந்த அளவுக்கு ஒடிந்து கிடக்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. தொண்ணூறுகளின் தொடக்கம், மதுரையில் படித்துக்கொண்டிருந்தேன். வாய்ப்புற்றுநோய் வந்தவர்களின் ரத்தம் கிடைத்துவிட்டது. பீடி, புகையிலைக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு பழக்கமும் இல்லாத நடுவயது ஆண்கள்தான் அகப்படவில்லை. அவர்களைத் தேடி ஊசியும் ஐஸ் போட்ட பிளாஸ்க்குமாக இராஜபாளையத்தில் வந்து இறங்கினேன்.

அப்பா அங்கே பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் மேஸ்திரி. "நம்ம ஆளுக அம்புட்டுப் பேரும் தங்கம்" என்று அவரே கூட்டிவந்து உட்காரவைத்தார். யாருக்கும் எந்தப் பழக்கமும் இல்லையாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வீட்டுத் தெருவிலும் இதே பதில். இரண்டு ஊரிலும் இத்தனை உத்தமர்களா என்று பூரித்துப்போனேன். பூரிப்பு கொஞ்சம் அடங்கிய பிறகுதான் கவனித்தேன், பதில் சொல்வதற்கு முன் எல்லோரும் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்கள்.

"வாயில என்னண்ணே?" என்று தறிக்கூடத்தில் ஒருவரைக் கேட்டேன்.

"வெத்தல. கூட கொஞ்சம் போயில."

"பழக்கம் இல்லைன்னீங்களே?"

"பழக்கம்னா குடிக்கதுல்லா? இது சாப்பாட்டோட சேத்தி, தாயி."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சாப்பிட்டதும் வெற்றிலையோடு புகையிலையை ஒதுக்குவதை எங்கள் பக்கத்தில் யாரும் பழக்கக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் என் ஆராய்ச்சி சேர்க்கும். அத்தனை தங்கங்களையும் புகையிலைப் பக்கம் தள்ளினேன். அதற்குள் அப்பா சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அப்பா, நீங்களும் அந்தப் பக்கம்தான்."

"ஏட்டி, ஒரு சொட்டுக் குடிச்சவனாட்டி நானு? என்னையப் போயி குடிகாரப் பயலுக கூட்டத்துல சேக்கியா?"

தறிச்சத்தத்தையும் மீறிக் கத்தினார். அப்படி வாயைத் திறந்தபோதுதான் உள்கன்னத்தில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அந்த மாதிரித் திட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். சிலருக்கு அதிலிருந்துதான் புற்றுநோய் தொடங்கியிருந்தது.

அவர் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு, அவரை மதுரைக்கு இழுத்துப்போனேன். திட்டிலிருந்து ஒரு துணுக்கு வெட்டிச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவோ, சேர்க்கக்கூடாத கூட்டத்தில் சேர்த்துவிட்டேன் என்று என்னோடு பேசவே இல்லை. புற்றுநோயாக மாறவில்லை என்றார் டாக்டர். இன்றோடு புகையிலையை விடவேண்டும் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். "என் ரத்தம் என்ன சொல்லுது?"

"குரோமோசோம் ஒடிஞ்சிருக்குப்பா. அத வச்சு இன்னாருக்கு நோய் வரும்னு சொல்ல முடியாது. ஆனா ரத்தத்துல புது அணு வந்துக்கிட்டேதான் இருக்கும்."

"அப்ப நிறுத்துனா நல்லவங்க பக்கம் சேத்துக்கிடுவியா?"

"சேத்துக்கிடுதேன்."

அம்மா கல்யாணமான நாளிலிருந்து திட்டியும் விடாதவர், குடிகாரர்களோடு உட்காரமாட்டேன் என்ற வீறாப்பில் விட்டார். ஒதுக்க ஒன்றுமில்லாத வாயில் பொட்டுக்கடலையைப் போட்டு மென்றார். கடலை தீர்ந்த நேரங்களில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார். தறிக்காரர்கள் என்னைச் சபித்தார்கள்.

சில வருஷம் கழித்து ஒரு லீவில் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா வாயை ஆவென்று திறந்து கன்னத்தைக் காட்டினார். திட்டு இருந்த இடம் தெரியவில்லை. பிறகு சட்டைக்கையை மடித்துவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப எடுட்டி."

ஆராய்ச்சி எப்போதோ முடிந்து பட்டமும் வாங்கியாயிற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்போது மிஞ்சி, வீட்டில் பிரிக்காமல் கிடந்த ஊசியை எடுத்தேன்.